கழற்றிப் போட்ட பிளக்கில் கரண்ட் வரும்

பொன்னேரியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் முரளி பொய் சொல்கிறான். விவரம் புரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொல்கிறான். அந்தப் பொய்யால் எங்கள் தென்குப்பத்துத் தேசம்மா, ஆடித் திருவிழா முடிந்து கூடும் கூட்டத்தில் தென்குப்பம், வடகுப்பம் இரண்டு ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டு, "நான் சொன்னது பொய்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போடுவார்கள். தேசம்மா சொன்னது உண்மை. அது என்னைவிட முரளிக்கு நன்றாகத் தெரியும்.

சிக்னல் பயிற்சிப் பள்ளியில் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் நினைவு மலர் போடுகிறார்கள். மாடல் ரூமை மூடிவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "மேடம், நீங்கதான் அந்த ரூம்ல ரொம்ப நாள் இருந்தவங்க. பழசையெல்லாம் எழுதிக் குடுங்க, ஜாலியா இருக்கட்டும்" என்று போன் செய்தார்கள். ஜாலியாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த மலர் ஓய்வு பெற்றவர்களுக்கும், விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் வரும். விருப்ப ஓய்வில் போனவர்களில் முரளியும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன். மாடல் ரூமைத் தெரியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன்.

என் நைனா ரயில்வேயில் கலாசி. கும்மிடிப்பூண்டி லைனில் கேபிளுக்குப் பள்ளம் வெட்டுகிற வேலை. வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வீட்டுக்கு மூத்தவள் நான் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அவர் வெட்டின பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நானும் வெட்டினேன். ரிலே ரூம் பெருக்கினேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், பரீட்சை எழுதினேன், தோற்றேன், மறுபடி எழுதித் தேறினேன். டெக்னீஷியன் ஆனதும் பயிற்சிப் பள்ளி மாடல் ரூமுக்கு மாற்றினார்கள். லைனில் ஒரு பெண்ணை வைத்துக்கொள்ள அங்கிருந்த இன்ஜினீயருக்கு இஷ்டமில்லை. வேறு காரணம் கிடையாது.

மாடல் ரூம் என்றால் பொம்மைக் கடை இல்லை. பெரிய மேடை. அதன்மேல் பித்தளைத் தண்டவாளம், ஸ்டேஷன், சின்னச் சின்ன சிக்னல்கள், தடம் மாற்றுகிற பாயிண்ட், லீவர் எல்லாம் உண்டு. ஒரு முழம் நீளத்துக்கு ஒரு இன்ஜின், நான்கு பெட்டிகள். லைனுக்குப் போய் உண்மையான ரயிலை நிறுத்தவும் அனுப்பவும் போகிறவர்கள் இங்கே இந்த ரயிலை நிறுத்தி, அனுப்பிப் பழகுவார்கள். இன்ஜினை எங்கள் பட்டறையிலேயே செய்தார்கள். உள்ளே தையல் மெஷினில் இருப்பது போன்ற மோட்டார், குறைந்த வோல்டேஜில் ஓடும்படி சுற்றியது. சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ட்டை ஒரு பெட்டி இருபத்து நாலாகக் குறைத்துத் தண்டவாளத்துக்குக் கொடுக்கும். தண்டவாளத்தைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆகக்கூடாது. ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அந்த ரூமுக்குப் பொறுப்பு சுப்பாராவ் சார். சூளூர்ப்பேட்டைக்காரர். நான் போன முதல் நாள் என் கையைப் பார்த்துவிட்டு, "மீன் கூடை தூக்கின கை. ஸ்க்ரூ டிரைவர் புடிக்குமா?" என்றார்.

"கூடை தூக்கினது எங்கம்மா சார். நான் கடப்பாரை புடிச்சவ" என்றேன்.

"அப்ப இன்னும் மோசம்" என்றார்.

கொஞ்ச நாளில் புரிந்தது, அவர் என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டார். மேலதிகாரி அனுப்பிய மீட்டரை வேறொரு மீட்டர் வைத்துச் சோதிப்பார். "சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்று யாராவது சொன்னால், சொன்னவனை அப்படியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானே போய் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒருநாளும் யாரையும் பாராட்டியதில்லை. ஆனால் அவர் இருந்தவரை அந்த ரூமில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒரு தடவையைத் தவிர. அந்தத் தடவையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் பெட்டி தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடல் ரயிலுக்குப் பவர் பெட்டி வாங்குவதை எல்லாரும் செல்போன் சார்ஜர் வாங்குவது போல நினைக்கிறார்கள். சுப்பாராவ் சார் மூன்று கேள்வி கேட்பார். இன்ஜின் எவ்வளவு இழுக்கும்? பெட்டி எவ்வளவு கொடுக்கும்? கெட்டுப்போனால் யாரை அடிக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் பெட்டியைத் தொட விடமாட்டார்.

முதலில் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். பிறகு கையால் இன்ஜினை அழுத்திப் பிடித்து நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும். ஓடும்போது கொஞ்சமாக இழுக்கிற இன்ஜின் மாட்டிக்கொண்டால் பேய் மாதிரி இழுக்கும். அந்தப் பேய்க்குத் தகுந்த பெட்டி வேண்டும். ஆனால் அதற்கு மேல் ரொம்பப் பெரிய பெட்டியும் கூடாது. ரயில் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்தால், பெரிய பெட்டி நிற்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஒயர் உருகும். அதனால் இரும்பு ஸ்கேலை வேண்டுமென்றே தண்டவாளத்தின் குறுக்கே வைப்பார். பெட்டியில் கரண்டைத் தானே அறுக்கிற கட்-அவுட் உடனே விழ வேண்டும். அவர் ஸ்கேலை எடுத்த பிறகு விழுந்தால் அந்தப் பெட்டி வெளியே போகும். அப்புறம், பெட்டியைத் திறந்து, சுவர்ப் பக்கத்துச் சுருளும் தண்டவாளப் பக்கத்துச் சுருளும் தனித்தனியா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் செம்பில் துளித் தொடர்பும் இருக்கக்கூடாது. கடைசியில் மதியம் முழுக்க ஓடவிட்டு, புறங்கையை வைத்துப் பார்த்து, மோந்தும் பார்ப்பார்.

ஒருமுறை ஒரு சப்ளையர் பளபளவென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். முன்னால் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, ஒரு பெரிய திருகு.

"லைட்டு நல்லா கீது. உள்ள இன்னா?" என்றார் சார்.

"சார், சீல் உடைச்சா கேரண்டி போயிடும்."

"உடைக்கலன்னா பசங்க போயிடுவாங்க." திறந்தார். உள்ளே ஃபேன் ரெகுலேட்டரில் இருக்கிற சமாசாரம்தான். தனிச் சுருளே கிடையாது. சுவர் கரண்ட் நேராகத் தண்டவாளத்துக்கு வரும்.

"எல்லா எடத்துலயும் இதத்தான் சார் வாங்குறாங்க."

"அப்ப எல்லா எடத்துலயும் சாவட்டும். இங்க வேணாம்."

முரளி வந்தது இதற்குப் பிறகு. சின்ன வயசு, கெட்டிக்காரன், கை சுத்தமாக வேலை செய்யும். அக்கா அக்கா என்று என்னைச் சுற்றி வருவான். ஒரு மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அவர் முன்னால் பெட்டி பழுதாகி ரயில் நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்று முரளிக்குப் பயம். அதனால் இன்னொரு பெட்டியை, அதுவும் சார் சோதித்து வைத்த நல்ல பெட்டியை, எடுத்து அதன் ஒயரையும் அதே தண்டவாளத்தில் முறுக்கிவிட்டான். பிளக்கை மட்டும் சுவரில் சொருகவில்லை. முதல் பெட்டி நின்றால் இதைச் சொருகிவிடலாம் என்பது கணக்கு. என்னிடமும் சொல்லவில்லை, சாரிடமும் சொல்லவில்லை.

முதல் பெட்டியைப் போட்டு நான் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். காலில் இடறுகிறதே என்று முரளி கீழே கிடந்த அந்தப் பிளக்கை எடுத்தான். எடுத்த வேகத்தில் பின்னால் இருந்த பீரோவில் போய் விழுந்தான்.

சார் வந்தார். அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தார். விடுகிறான் என்று தெரிந்ததும் விசாரணை ஆரம்பம்.

"எதைத் தொட்ட?"

"பிளக்கை சார்."

"எந்த பிளக்கு?"

"இதோ, இது. சுவர்ல இல்ல சார். கீழ கெடந்துச்சு."

"கீழ கெடந்த பிளக்கு அடிக்குமா? சுவத்துல சொருக போயி விரல் பட்டிருக்கும். உண்மைய சொல்லு."

"எங்கம்மா மேல சத்தியமா சார்."

"உங்கம்மாவ உடு. அவங்க இங்க இல்ல."

ரயிலை ஓடவிடச் சொல்லி, டெஸ்டரை எடுத்துப் பிளக்கின் ஒரு பின்னில் வைத்தார். எரியவில்லை. இன்னொரு பின்னில் வைத்தார். எரியவில்லை. முரளி அழ ஆரம்பித்தான். வலியில் இல்லை, பொய்யன் என்று பெயர் வந்துவிட்டதே என்று. எனக்கும் அவன்மேல் நம்பிக்கை இல்லை. பயத்தில் உளறுகிறான் என்றுதான் நினைத்தேன்.

சார் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "எந்த விரலு?"

முரளி கையை நீட்டினான். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சின்னதாக வெள்ளைப் பொட்டு போல ஒரு சூட்டுக்காயம்.

"ரெண்டு விரலு" என்றார் சார். எழுந்து போய் ஹோல்டரில் மாட்டிய பல்பு ஒன்றை எடுத்துவந்தார். அதிலிருந்து வரும் இரண்டு ஒயரில் ஒன்றை ஒரு பின்னிலும், மற்றதை இன்னொரு பின்னிலும் வைத்தார். என்னைப் பார்த்து, "மறுபடி ஓட்டு" என்றார். நான் முதல் பெட்டியைப் போட்டேன். ரயில் நகர்ந்தது. சுவரில் சொருகாத பிளக்கில் பல்பு எரிந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். இருநூற்று முப்பதை இருபத்து நாலாக்குகிற பெட்டியை எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தால், இருபத்து நாலை இருநூற்று முப்பதாக்குகிற பெட்டி. முதல் பெட்டி தண்டவாளத்துக்குக் கொடுத்த இருபத்து நாலு, தண்டவாளம் வழியாக இரண்டாவது பெட்டிக்குப் பின்வாசல் வழியாக நுழைந்து, பெரிசாகி, முன்வாசலில் தொங்குகிற பிளக்குக்கு வந்துவிட்டது. அந்தக் கரண்டுக்குப் பூமியோடு தொடர்பு இல்லை. ஒரு பின்னை மட்டும் தொட்டால் டெஸ்டரும் எரியாது, மனிதனுக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு பின்னையும் சேர்த்துத் தொட்டால் தூக்கி அடிக்கும்.

சார் முரளியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "நீ பொய் சொல்லல" என்றார், அவ்வளவுதான். அதற்கே முரளி இன்னும் கொஞ்சம் அழுதான். அன்று மாலையே ஒரு சேஞ்ச்-ஓவர் லீவர் வைக்கச் சொன்னார். ஒரு பக்கம் தள்ளினால் ஒரு பெட்டி தண்டவாளத்தோடு சேரும், மற்றது முழுசாக அறுந்துவிடும். இரண்டும் ஒரே சமயத்தில் சேரவே முடியாது. அந்த லீவரைத் தன் கையால் மாட்டியது முரளி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இனி ஊருக்கு வருகிறேன்.

மாடல் ரூமை மூடுகிறார்கள், மேடையைக் கழிவில் போடப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, ஊர்ப் பிள்ளைகள் ஓட்டிப் பார்க்க எங்கள் புயல் கூடத்துக்குக் கொடுங்கள் என்று நான்தான் போய்க் கேட்டேன். புயல் கூடம் வடகுப்பத்துக்கும் தென்குப்பத்துக்கும் நடுவில் ஏரிக்கரையில் இருக்கிறது. புயல் வராத நாளில் பூட்டித்தான் கிடக்கும். மேடையும் ரயிலும் கொடுத்தார்கள். பவர் பெட்டிகளையும் அவற்றோடு இருந்த லீவரையும் மட்டும் தரவில்லை. பெட்டியைப் புதிதாக வாங்க வேண்டும்.

எங்கள் ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்ன ஊர்க்காரன்தான் வலை கட்டலாம் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். உன் பாடு முடிந்தால் வலையைத் தூக்கிக்கொண்டு கரை ஏற வேண்டும். நீ நட்ட கழி நட்டபடி நிற்கும். வலை இல்லாத கழி மீன் பிடிக்காது, அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அடுத்த ஊர்க்காரன் கழியை அசைத்தால் அடிதடி. இரண்டு குப்பமும் பொதுவாக வைத்திருக்கிற எல்லாவற்றுக்கும் இந்த முறைதான். ரயிலுக்கும் ஒருநாள் வடக்கு, ஒருநாள் தெற்கு என்று பாடு போட்டார்கள்.

பெட்டி வாங்கும் பேச்சு வந்தது. ஒரே பெட்டி போதும் என்றேன். வடகுப்பத்து நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், கோவிந்தன் உடனே கேட்டார்: "அது யாரு ஊட்ல இருக்கும்?"

"யார் வீட்டிலும் இல்ல. கூடத்துல பூட்டி வெக்கலாம்."

"சாவி யாருகிட்ட?" என்றார் தென்குப்பத்து நாட்டார் ஏழுமலை. "எங்க பாடு அன்னிக்கு பெட்டி கெட்டுப்போச்சின்னுவாங்க. அவங்க பாடு வந்தா சோக்கா ஓடும். இத்தயெல்லாம் நாங்க பாத்ததில்லயா?"

"யோவ், உங்க ஊரு வலை சிக்கினதுக்கும் நாங்கதான் காரணம்னு சொன்ன ஆளுதானே நீ?" என்றார் கோவிந்தன்.

சரி, இரண்டு பெட்டியே வாங்குங்கள், ஆனால் நடுவில் ஒரு லீவர் வேண்டும், அது இல்லாமல் இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் சேர்க்கக்கூடாது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். யாருக்கும் காது இல்லை. இரண்டு ஊருக்கும் படகு விளக்கு, பேட்டரி, மோட்டார் சாமான் எல்லாம் முரளி கடையில்தான். "நம்ம முரளியே செஞ்சி குடுத்துடுவாரு. அவரும் அந்த ஸ்கூல்ல வேலை பாத்தவருதானே" என்றார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பல்பு எரிந்ததைப் பார்த்தவன் அவன். அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எனக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி மகள் வீட்டில் இருந்தபோது முரளி வந்து வேலையை முடித்திருக்கிறான். நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தானா, தற்செயலா என்று எனக்கு இன்னமும் சந்தேகம் இருக்கிறது.

கூடத்தைப் பெருக்குவது தேசம்மா. தென்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், புருஷன் இல்லை, வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வடக்கின் பாடு நடந்த நாள் காலை. வடக்கின் பெட்டி சுவரில் சொருகியிருக்கிறது, ரயில் ஓடுகிறது. தெற்கின் பிளக் தரையில் கிடக்கிறது. பாடு முடிந்து வலையைத் தூக்கிய மாதிரி பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தங்கள் பெட்டியின் திருகை நிறுத்தத்துக்குத் திருப்பி வைக்கவில்லை. திருப்பியிருந்தாலே பெட்டி தண்டவாளத்திலிருந்து அறுந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் திருகு என்பது கழி மாதிரி, வைத்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அடுத்த ஊர்க்காரன் அசைத்தானா என்று மறுநாள் வந்து பார்ப்பதற்காக, அதன்மேல் சுண்ணாம்பில் கோடு வேறு போட்டு வைத்திருந்தார்கள். தேசம்மா ஈரக் கையோடு பெருக்கிக்கொண்டே வந்து, அந்தப் பிளக்கை ஓரமாக வைக்கலாம் என்று எடுத்தாள். தூக்கி அடித்தது. சிமெண்ட் படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

"பிளக்கை எடுத்தேன், அடிச்சிடுச்சி" என்று அவள் சொன்னாள். சொன்னதும் இரண்டு ஊரும் சிரித்தது. கழற்றிப் போட்ட பிளக்கில் ஏது கரண்ட்? வடக்கத்தியார், எங்கள் பாட்டைக் கெடுக்க எங்கள் பெட்டியில் கை வைத்தாள் என்றார்கள். தெற்கத்தியார், எங்கள் பிளக் வெளியேதான் கிடந்தது, எங்கள்மேல் பழி போடுகிறாள் என்றார்கள். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஊரும் இதில் ஒத்துப்போனது. அவரவர் தப்பு இல்லை என்பதற்கு அவள் பொய்க்காரி ஆக வேண்டியிருந்தது.

முரளியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து எல்லார் முன்னாலும் டெஸ்டரை எடுத்து அந்தப் பிளக்கின் ஒரு பின்னில் வைத்தான், எரியவில்லை. அடுத்ததில் வைத்தான், எரியவில்லை. "பாத்தீங்களா, கரண்ட் இல்ல" என்றான். பிறகு தெற்கின் பெட்டியை ஒயரோடு கழற்றி, செக் பண்ண வேண்டும் என்று சொல்லி வண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது இன்னும் திரும்பி வரவில்லை. ஒரு குற்றமும் இல்லாத பெட்டியை எதற்கு அவசரமாக எடுத்துப்போக வேண்டும்?

நான் ஊருக்கு வந்ததும் தேசம்மாவைப் போய்ப் பார்த்தேன். எனக்கு அவளைப் பிடிக்காது. வாய்க்கால் தகராறில் என்னைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டவள். அவள் பேச்சை நான் அப்படியே நம்பவும் இல்லை.

"நீயும் சிரிக்க வந்தியா?" என்றாள்.

"சிரிக்க வரல. கையக் காட்டு. எந்த விரலு?"

"இன்னா எந்த விரலு? கையே ஒடஞ்சி கெடக்குது, விரலக் கேக்க வந்துட்டா!" என்று திட்டிக்கொண்டே நீட்டினாள். கட்டைவிரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. அதே வெள்ளைப் பொட்டு. அதற்குமேல் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நேராகக் கூடத்துக்குப் போய் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒயர்கள் சேருகிற இடத்தில் பலகையில் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள். புது ஓட்டை, மரத்தூள்கூட உதிரவில்லை. ஒரு சேஞ்ச்-ஓவர் லீவரை மாட்டினால் எந்த அகலத்தில் ஓட்டை விழுமோ அந்த அகலம். லீவர் இல்லை. ஒயர்களை நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. அதாவது, முரளி முதலில் லீவரை மாட்டியிருக்கிறான். பிறகு கழற்றியிருக்கிறான். விவரம் தெரியாதவன் லீவர் வைக்க மாட்டான்.

பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். கடையில் முரளி ஒருவனுக்கு படகு விளக்கு காட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, வாக்கா! கண்ணு எப்டிகீது?"

"நல்லாத் தெரியுது. லீவரு எங்கடா?"

"எந்த லீவரு?"

"மேடைக்கு அடியில நாலு ஓட்டை கீதே, அந்த லீவரு."

அவன் அந்த ஆளை அப்புறம் வரச்சொல்லி அனுப்பினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் வெச்சேன்க்கா. ரெண்டு நாட்டாரும் கழட்டச் சொன்னாங்க. லீவரு உள்ள இன்னா பண்ணுதுன்னு எங்களுக்குத் தெரியாது, பிளக்கு வெளிய கெடந்தா கண்ணால பாத்துக்கலாம்னாங்க. நான் இன்னா பண்ண?"

"ஆளு சாவும்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, என்னமோ சூது வெச்சிருக்கான்னுவாங்க. ரெண்டு ஊருக்கும் நான் ஆவாதவனாயிடுவேன். நீ அந்த ஊருக்காரி, உனக்குத் தெரியாதா?"

"அப்ப டெஸ்டர் வெச்சி இன்னாடா காட்டின? டெஸ்டர் எரியாதுன்னு உனக்குத் தெரியாதா? உன்ன அடிச்ச அன்னிக்கு எரிஞ்சிதா?"

அங்கேதான் அவன் மாறினான். முகத்தில் இருந்த அசட்டுச் சிரிப்பு போய்விட்டது. "அன்னிக்கு நான் சுவத்து சுவிட்சுலதான்க்கா கைய வெச்சேன். சாரு என்னக் காப்பாத்துறதுக்காக அந்தப் பல்புக் கதைய கட்டுனாரு."

"சுப்பாராவ் சாரு ஒருத்தனக் காப்பாத்தினாரா? அவரு சொந்தத் தம்பிக்கே மெமோ குடுத்தவருடா!"

"சாரும் போயிட்டாரு. உனக்கும் வயசாயிடுச்சி. லீவரப் பத்தி இப்ப நான் பேசினத வெளிய சொன்னா, சொல்லலன்னுதான் சொல்வேன். பேஜார் பண்ணாதக்கா."

இதுதான் நடந்தது. நான் சும்மா இருக்கவில்லை. வேறொரு கடையில் அதே மாதிரிப் பெட்டியும் ஒரு பல்பும் வாங்கிக்கொண்டு போய், கூடத்தைத் திறங்கள், இரண்டு ஊரும் பாருங்கள், காட்டுகிறேன் என்று கேட்டேன். "இது வேற பெட்டி. இதுல வந்தா அதுல வந்ததா ஆயிடுமா?" என்றார் ஏழுமலை. "நீயும் தென்குப்பத்துக்காரி. உங்காளுக்குத்தான் பேசுவ" என்றார் கோவிந்தன். கூட்டம் முடியும்வரை கூடம் பூட்டியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். முரளியே டெஸ்டர் வைத்துக் காட்டிவிட்டான், அதற்குமேல் என்ன என்பதுதான் இரண்டு பேரின் பேச்சும். இந்த விஷயத்தில் என் வாய்க்கு ஊரில் மதிப்பில்லை. முரளியின் வாய்க்குத்தான் இருக்கிறது.

நாட்டார்களை நான் விட்டுவிடவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள், லீவரைச் சந்தேகப்பட்டார்கள், என்னைச் சந்தேகப்பட்டார்கள், தேசம்மாவைச் சந்தேகப்பட்டார்கள். தரையில் கிடந்த பிளக்கை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாது. முரளிக்குத் தெரியும். பொய்யன் என்ற பெயரோடு பீரோ பக்கத்தில் உட்கார்ந்து அழுதவன் அவன். அந்தப் பெயரை ஒரு பல்பு துடைத்தது. அதே பல்பைத் தேசம்மாவுக்கு எரியவிடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனும் அவன்தான்.

முரளி, இந்த மலரை நீ படிப்பாய். கூட்டத்துக்கு முன்னால் இதில் ஒரு பிரதியைக் கூடத்துக் கதவிலும் ஒட்டப்போகிறேன். தெற்கின் பெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வா. இருந்தபடியே அதே தண்டவாளத்தில் முறுக்கு. வடக்கின் பெட்டியைப் போட்டு ரயிலை ஓடவிடு. நான் பல்பு கொண்டுவரவில்லை, நீ டெஸ்டர் கொண்டுவர வேண்டாம். தரையில் கிடக்கும் பிளக்கை எடுத்து, இரண்டு பின்னையும் உன் இரண்டு விரலால் பிடித்துக் காட்டு. பிடித்துவிட்டால் தேசம்மாவோடு நானும் விழுந்து கும்பிடுகிறேன்.

நீ பிடிக்க மாட்டாய். பிடிக்கவும் வேண்டாம். ஏன் பிடிக்க மாட்டாய் என்று மட்டும் இரண்டு ஊர் முன்னால், தேசம்மாவைப் பார்த்து, வாயைத் திறந்து சொல்.